ஆக்ஸ்ஃபோர்டா? கேம்பிரிட்ஜா? – ஒரு பழைய கேள்வியின் வரலாறு

இங்கிலாந்தில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு ஒரு விநோதமான விதி இருக்கிறது. ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் வரை கேட்கலாம். ஆனால் ஒரு சில விதிவிலக்குகள் தவிர, ஒரே வருடத்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க முடியாது. அக்டோபர் 15-க்குள் இரண்டில் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். இரண்டிலும் போட்டு வைப்போம், எது கிடைக்கிறதோ பார்ப்போம் என்ற கதையெல்லாம் அங்கே நடக்காது.

உடனே எல்லாரும் கேட்பது, "இரண்டில் எது பெரியது?" நோபல் பரிசு யாருக்கு அதிகம், பிரதமர்கள் எங்கே அதிகம் படித்தார்கள், 1829-ல் தொடங்கிய படகுப் போட்டியில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம். இந்த இரண்டின் வரலாற்றையும் கொஞ்சம் படித்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது வேறு. பல நூறு வருடங்களாக இந்தக் கேள்விக்குப் பதில், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் இருந்திருக்கிறது.

ஒரு கொலையில் ஆரம்பித்த போட்டி

1209-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பெண் கொல்லப்பட்டாள். பழி ஒரு மாணவன் மேல் விழுந்தது. அவன் ஓடிவிட, அவனோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த மாணவர்கள் சிலரைப் பிடித்துத் தூக்கில் போட்டுவிட்டார்கள். பயமும் கோபமும் சேர்ந்து ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரைக் காலி செய்தார்கள். அதில் ஒரு கூட்டம் போய்ச் சேர்ந்த ஊர்தான் கேம்பிரிட்ஜ். ஆக, போட்டியாளர் என்று நாம் சொல்வது உண்மையில் கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன தம்பி!

அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் எவ்வளவு போட்டி போட்டாலும், மூன்றாவது ஆள் வந்தால் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். 1333-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர்கள் சிலர் ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊரில் புதிதாகக் கல்விக்கூடம் தொடங்கப் பார்த்தார்கள். மன்னர் மூன்றாம் எட்வர்டு வரை போய் அதை மூடவைத்தார்கள். "ஸ்டாம்ஃபோர்டில் பாடம் நடத்த மாட்டேன்" என்று ஆக்ஸ்ஃபோர்டில் எம்.ஏ. வாங்குகிறவர்கள் சத்தியம் செய்யும் வழக்கம் 1827 வரை இருந்தது. அதாவது, சுமார் 500 வருடம்! இப்படியாக 1820-கள் வரை இங்கிலாந்து முழுவதற்கும் இரண்டே பல்கலைக்கழகங்கள். இந்த இரண்டிலும் இடம் இல்லை என்றால், நாட்டிலேயே இடம் இல்லை.

கையெழுத்துப் போட்டால் பட்டம்

யாருக்கு இடம் இல்லை? இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு. கத்தோலிக்கர், யூதர், பிற புராட்டஸ்டன்ட் பிரிவினர் எல்லாரும் இதில் அடக்கம். இங்கேதான் இரண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். ஆக்ஸ்ஃபோர்டில் சேரும்போதே திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். கேம்பிரிட்ஜில் சேரலாம், படிக்கலாம், தேர்வும் எழுதலாம். பட்டம் வாங்கும்போதுதான் மதத்தைக் கேட்பார்கள். முதலாமவர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். இரண்டாமவர் உள்ளே உட்காரவைத்து, இலை போட்டு, கடைசியில் சோறு இல்லை என்றார்.

கணினி படிக்கும் நண்பர்களுக்கு டி மார்கன் விதிகள் தெரிந்திருக்கும். அந்த அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது நம் மதுரையில், 1806-ல். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. கேம்பிரிட்ஜில் படித்து, 1827-ல் கணிதத் தேர்வில் நான்காவதாக வந்தார். எம்.ஏ. பட்டத்துக்கு மத உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்டார்கள். மனச்சாட்சி இடம் தராததால் மறுத்துவிட்டார். எம்.ஏ. இல்லை, அதனால் கேம்பிரிட்ஜில் எதிர்காலமும் இல்லை. அடுத்த வருடமே, மதம் கேட்காத புதிய கல்லூரி ஒன்று லண்டனில் திறக்கப்பட்டது. அங்கே 21 வயதில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

மேட்ரிக்ஸ் என்ற சொல்லைக் கணிதத்துக்குத் தந்த ஜே. ஜே. சில்வெஸ்டர் கதை இன்னும் மோசம். அவர் யூதர். 1831-ல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். 1837-ல் இரண்டாமிடம். ஆனால் பட்டம் கிடையாது! கடல் தாண்டி டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 1841-ல் பட்டம் வாங்கிக்கொண்டார். 1871-ல் சட்டம் போட்டு மதச் சோதனையை நீக்கிய பிறகு, 1872-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. தேர்வு எழுதி 35 வருடம் கழித்து. 1883-ல் ஆக்ஸ்ஃபோர்டு அவரை வடிவியல் பேராசிரியராகக் கூப்பிட்டது. மாணவனாக வந்திருந்தால் வாசலைக்கூடத் தாண்டவிடாத ஆக்ஸ்ஃபோர்டு!

பெண்களுக்கு எது?

இதுவரை படித்தால் கேம்பிரிட்ஜ் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பெண்கள் பக்கம் வந்தால் கதை தலைகீழ்.

பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி 1869-லும் நியூனம் 1871-லும் தொடங்கின. பெண்கள் படித்தார்கள், தேர்வு எழுதினார்கள். 1890-ல் நியூனம் மாணவி பிலிப்பா ஃபாசெட் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற ஆணைவிட அதிக மதிப்பெண் எடுத்தார். 'முதலாமவருக்கும் மேலே' என்று முடிவை வாசித்தார்கள். பட்டம்? ஆண்களுக்கு மட்டும். 1897-ல் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 1713-க்கு 662 என்று தோற்றது. சைக்கிளில் செல்லும் பெண் பொம்மையைத் தெருவில் தொங்கவிட்டு மாணவர்கள் கூத்தடித்தார்கள்.

1904 முதல் 1907 வரை, இரண்டு பல்கலைக்கழகங்களிலும் படித்து முடித்த 700-க்கும் மேற்பட்ட பெண்கள் கப்பல் ஏறி அதே டப்ளினுக்குப் போய்ப் பட்டம் வாங்கினார்கள். 'நீராவிக் கப்பல் சீமாட்டிகள்' என்று அவர்களுக்குப் பெயர். சில்வெஸ்டர் போன அதே வழி.

ஆக்ஸ்ஃபோர்டு 1920-ல் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது. (அதற்காக ஆக்ஸ்ஃபோர்டு ரொம்ப நல்ல பிள்ளை என்று நினைக்க வேண்டாம். 1927-ல் மாணவிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு கட்டியது.) கேம்பிரிட்ஜ் 1921-ல் பெயருக்கு ஒரு பட்டம் கொடுத்தது, உரிமை எதுவும் கொடுக்கவில்லை. முழுப் பட்டம் 1948-ல்தான். பிலிப்பா ஃபாசெட் இறந்ததும் அதே 1948-ல்.

ராமானுஜன் தேர்ந்தெடுத்தது எதை?

நம் ராமானுஜன் கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேறாதவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி வழியாக 1916-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். எனக்கு ரொம்பப் பெருமைதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நினைத்தால் வழி கண்டுபிடிக்கக் கேம்பிரிட்ஜுக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி. பிலிப்பாவுக்கு மட்டும் வழி தெரியாமல் போய்விட்டது.

இன்னொன்று. ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனது அங்கே ஹார்டி இருந்ததால். 1919-ல் ராமானுஜன் ஊர் திரும்பினார். அதே வருடம் ஹார்டி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய், சில்வெஸ்டர் வகித்த அதே பதவியில் அமர்ந்தார். 1931-ல் மறுபடி கேம்பிரிட்ஜ். கடிதம் ஏழெட்டு வருடம் தாமதமாகப் போயிருந்தால், நாம் இன்று ஆக்ஸ்ஃபோர்டைக் கொண்டாடிக்கொண்டிருப்போம்.

அதனால் நண்பர்களே, இரண்டு பெரிய கல்லூரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தால், தரவரிசையோடு சேர்த்து மூன்று கேள்விகளையும் கேளுங்கள். என்னைப் போல் ஒருவரை அங்கே எப்படி நடத்துகிறார்கள்? எனக்குச் சொல்லித்தரப் போவது யார்? வெளியே வரும்போது என் கையில் என்ன இருக்கும்? சில்வெஸ்டருக்கும் பிலிப்பாவுக்கும் மூன்றாவது கேள்விக்கான பதில் சேரும்போதே தெரியும். தெரிந்தும் போனார்கள், ஏனென்றால் அவர்களுக்கு நம் அளவுக்கு வழி இல்லை. நமக்கு இருக்கிறது. கேட்டுவிட்டுப் போவோமே!