பெயர் பொறிக்காத சிலை

வாஷிங்டனில் ராக் க்ரீக் கல்லறைத் தோட்டத்தில் முக்காடிட்டு அமர்ந்திருக்கும் ஒரு வெண்கல உருவம் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பெயரோ தேதியோ பொறிக்கப்படவில்லை. 1885இல் புகைப்பட ரசாயனத்தைக் குடித்து இறந்த க்ளோவர் ஆடம்ஸுக்காக அவர் கணவர் ஹென்றி ஆடம்ஸ் செய்வித்தது. சிற்பி செயின்ட் காடன்ஸ். ஹென்றி சரித்திராசிரியர். ஆனால் தன் சுயசரிதத்தில், மனைவியோடு வாழ்ந்த காலம் உள்பட இருபது வருஷங்களைத் தாண்டிப் போய்விட்டார். அந்நூல் பொதுவில் வெளியானது 1918இல்.

அதே 1918 செப்டம்பரில் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஐரோப்பாவிலிருந்து நிமோனியாவுடன் திரும்பினார். அவர் பெட்டியைப் பிரித்து அடுக்கிய எலினோர் ஒரு கடிதக் கட்டைக் கண்டார். எழுதியவர் லூஸி மெர்ஸர், எலினோரிடமே காரியதரிசியாக இருந்தவர். எலினோருக்கு வயது 33, ஐந்து குழந்தைகள். விவாகரத்துக்குச் சம்மதம் என்றார். மகனுக்குப் பணம் கிடைக்காது என்று மாமியார் எச்சரித்ததாகக் குடும்பத்தார் சொல்வதுண்டு. ஃப்ராங்க்ளினின் அரசியலும் முடிந்துபோயிருக்கும். கல்யாணம் நிலைத்தது.

பிறகு வந்த நாட்களில் எலினோர் இந்தச் சிலைக்கு முன் தனியே வந்து உட்கார்ந்திருப்பாராம். 1933இல், கணவர் ஜனாதிபதியாகும் சமயத்தில், பத்திரிகையாளர் லொரீனா ஹிக்காக்கை அங்கே அழைத்துப் போய் இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்தத் துரோகம்தான் எலினோரை உலகத்துக்குத் தந்தது என்று வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் சௌகரியமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. மரம் துளிர்த்ததற்குக் கோடாலிக்கு நன்றி சொல்லும் காரியம் இது. எலினோர் செய்தவை மிகச் சாதாரணமானவை. 1920 தேர்தலில் ஃப்ராங்க்ளின் துணை ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றபின், தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றார். சமையல் கற்றார். அதுவரை நியூயார்க்கில் குடியிருந்ததோ மாமியார் கட்டிக்கொடுத்த வீடு. பக்கத்திலிருந்த மாமியார் வீட்டிலிருந்து கதவுகள் இதற்குள் திறந்தன. அவர் எப்போது உள்ளே வருவார் என்று தெரியாது. 1925-26இல் வால்கில் ஓடைக்கரையில் இரண்டு தோழிகளோடு ஒரு கல்வீடு எழுப்பிக்கொண்டார். நிலம் என்னவோ கணவருடையதுதான். ஆனால் கதவு இவர்களுடையது. 1927இல் அதே தோழிகளோடு ஒரு பெண்கள் பள்ளியை வாங்கிச் சரித்திரமும் இலக்கியமும் நடத்தினார்.

1937இல் வந்த சுயசரிதத்தில் கடிதங்கள் இல்லை, லூஸி இல்லை. பதவியிலிருக்கும் ஜனாதிபதியின் மனைவி வேறென்ன எழுதுவார் என்று கேட்கலாம். கணவர் இறந்தபின், 1949இல் வந்த அடுத்த பாகத்திலும் இல்லை. விஷயம் வாசகர்களுக்குத் தெரியவந்தது 1966இல். எலினோர் இறந்து நாலு வருஷம் கழித்து. ஹென்றியின் மௌனத்தையும் இதையும் ஒன்றாக வைக்க முடியவில்லை. அவர் காயத்தோடு மனைவியையும் விட்டுவிட்டார். எலினோர் காயத்தை விட்டுவிட்டுத் தட்டச்சு படித்ததை எழுதினார்.

1945 ஏப்ரல் 12இல் வார்ம் ஸ்ப்ரிங்ஸில் ஃப்ராங்க்ளினுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்த அன்று லூஸி அங்கே இருந்தார். எலினோருக்கு இது அன்றிரவு தெரிந்தது. இடையில் நடந்த சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்தவர் சொந்த மகள் ஆன்னா என்பதும் தெரிந்தது. மகளிடம் கோபம் சில காலம் இருந்தது. கணவரின் சாமான்களை ஒழித்தபோது, லூஸியின் சிநேகிதி ஷூமட்டாஃப் வரைந்த ஃப்ராங்க்ளினின் சிறிய நீர்வண்ணச் சித்திரம் ஒன்று அகப்பட்டது. அதை லூஸிக்கு அனுப்பிவைக்கச் சொன்னார். லூஸி நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார்.