செவிலிய உதவியாளர் பயிற்சி, உயர்நிலைப் பள்ளி (அமெரிக்கா)

முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் நோயாளிகளின் அன்றாடப் பராமரிப்பைச் செய்யும் சான்றிதழ் பெற்ற செவிலிய உதவியாளர் பணிக்கு, மாணவர்களைப் பள்ளிப் பருவத்திலேயே ஆயத்தப்படுத்தும் தொழிற்கல்வி.

1987ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் முதியோர் இல்ல உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியை விதித்தது. கலிபோர்னியாவில் இது 160 மணி. தொற்றுத் தடுப்பு, பாதுகாப்பு, உறைவோர் உரிமை முதலியவற்றில் 16 மணிப் பாடம் முடியாமல் எவரும் உறைவோரைத் தொட்டுப் பராமரிக்க இயலாது. தேர்வில் எழுத்து அல்லது வாய்மொழிப் பகுதியோடு செய்முறையும் உண்டு: கைகழுவுதல், நாடி பார்த்தல், படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுதல் போன்றவை. நாற்காலியின் தடையைப் பூட்ட மறப்பது சிறு பிழையன்று. தேறியவர் பெயர் மாநிலப் பதிவேட்டில் ஏறும். தொடர்ந்து 24 மாதம் ஊதியப் பணி செய்யாதவர் மீண்டும் பயிற்சியுடன் தேர்வையோ, தேர்வை மட்டுமோ முடிக்க வேண்டும்.

பள்ளித் தொழிற்கல்விக்கான கூட்டாட்சி நிதி 1917ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்துடன் தொடங்கியது. 1984 முதல் பெர்கின்ஸ் சட்டம் வழி வருகிறது. சுகாதாரத் துறை மாணவர்களின் அமைப்பான ஹோசா 1976இல் உருவானது.

வயது முக்கியத் தடை. சான்றிதழ் இருந்தும், 18 வயது நிரம்பாதவர் நோயாளியைத் தூக்கும் மின்கருவியைத் தனியே இயக்கக் கூடாது. பயிற்சி பெற்ற பெரியவருக்குத் துணைநிற்கவே 16, 17 வயதினருக்கு அனுமதி.