கட்டுமரப் பாய்

கட்டுமரப் பாய் என்பது சோழமண்டலக் கரையில் கட்டுமரங்களைக் காற்றின் விசையால் செலுத்தப் பயன்பட்ட முக்கோண வடிவப் பருத்திப் பாய் ஆகும்.

பராமரிப்பு

பருத்தி ஈரத்தில் மக்கும் தன்மையுடையது. ஆகவே பாயை மரப்பட்டைத் துவர்ச்சாற்றில் தோய்த்தும் வெயிலில் உலர்த்தியும் பேணினர். கரை சேர்ந்ததும் கட்டுகளை அவிழ்த்து மரங்களையும் உலர்த்துவர். நீரூறிய மரம் கனத்து, மிதக்கும் திறன் குறையும்.

மாற்றங்கள்

பின்னர் தென்னை நார்க் கயிற்றுக்குப் பதிலாக நைலான் கயிறும், பாய்க்குப் பதிலாக இயந்திரமும் வந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின.

கேட்டமரன்

கட்டுமரம் என்னும் சொல்லிலிருந்து பெயர் பெற்ற கேட்டமரன், இரட்டை உடல் கொண்ட வேறு வகைப் படகாகும். இது காற்றில் அதிகம் சாயாததால், விசையின் பெரும்பகுதி பாய்மரத்தையும் அதன் தாங்குகம்பிகளையும் தாக்கும். எனவே படகின் சாய்வைப் பாராது, காற்றின் வேகத்தை அளந்தே பாயைச் சுருக்குதல் வேண்டும்.