குடியேற்றமும் நிலவுரிமையும்: அக்கராயன் வழி ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ் வழக்கில் ‘குடியேற்றம்’ என்னும் சொல் இருவேறு திசைகளைச் சுட்டுவதாகும். கற்றவர் கடல் கடந்து பிறநாட்டிற் குடியுரிமை பெறுதலும் குடியேற்றமே. காணியற்றவர் காடு வெட்டிக் கழனியாக்கி வன்னியில் வாழத் தலைப்படுதலும் குடியேற்றமே. நிரந்தரமாக எங்கு வாழ்வது என்ற வினா இவ்விரு சாராருக்கும் பொதுவானது. ஆயின், விடையைத் தாமே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருவர்க்கும் ஒரே அளவினதாக இருந்ததில்லை. கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயனையும் அதன் சூழலையும் முன்னிறுத்தி இவ்வுண்மையை ஈண்டு நோக்குவாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மிசன் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாண இளைஞர் பலர் மலாயாவின் றெயில்வே முதலாய பகுதிகளில் லிகிதர்களாக அமர்ந்தனர். கோலாலம்பூரில் அவர்கள் முயற்சியால் எழுந்த விவேகானந்த ஆச்சிரமம் 1904ஆம் ஆண்டுக்குரியது. அவர்கள் அனுப்பிய பணம் ஊரில் கல்வீடாகவும் சீதனமாகவும் கோயிற் திருப்பணியாகவும் மாறிற்று. 1905இல் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த புகையிரதப் பாதை வன்னிக் காட்டை ஊடறுத்தே சென்றது. எனினும், அதிற் பயணித்த கற்றவர் இடைவழியில் இறங்க எண்ணினாரல்லர். மலேரியாவும் நீரின்மையும் ஒருபுறம் அச்சுறுத்த, மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் மறுபுறம் ஈர்த்தன.

1930களின் பொருளாதார மந்தம் மலாயா உத்தியோகத்தின் வாயிலைக் குறுக்கிற்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம், விவசாயிகளுக்கு மட்டுமன்றி மத்தியதர வகுப்பினர்க்கும் அரச காணி வழங்க இடமளித்தது. 1940களின் நடுப்பகுதியிற் தொடங்கிய டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவை ஒடுக்கிற்று. குளங்கள் புனரமைக்கப்பட, அக்கராயன் போன்ற இடங்கள் உழவர் ஊர்களாயின. இருப்பினும், கற்றோருட் பலர்க்கு வன்னிக் காணி உடைமையாயிற்றேயன்றி வாழிடமாகவில்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும், 1970களின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் அவர்களை மேலும் வெளித்தள்ளின. இங்கிலாந்து, நைஜீரியா, சாம்பியா, 1967இற் புள்ளிமுறையைக் கொணர்ந்த கனடா, பின்னர் அவுஸ்திரேலியா என அவர்கள் நாடுகளை ஒப்புநோக்கினர். அவர்களைக் குறைகூறல் எம் நோக்கமன்று. உரிமை குன்றிய இடத்தில் ஊதியம் மட்டும் ஒருவரை நிறுத்தி வைக்காது.

இதற்கு மாறானது மலையகத் தமிழர் நிலை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். எங்கு வாழ்வது என்பதை மாந்தர் எண்ணுமுன் இரு அரசுகள் எண்ணிக்கையாற் தீர்த்தன. 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் தோட்டங்களை நீங்கியோர் பலர் வன்னியை அடைந்தனர். அக்கராயனை உள்ளடக்கிய கரைச்சிப் பிரதேசத்தின் பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய ஊர்கள் அவர்கள் உழைப்பால் உருவானவை. கற்றவர் தேராத நிலத்தை, தேரும் வாய்ப்பற்றோர் தமதாக்கினர். எனினும், பிறர் காணியிற் கூலிகளாகவும் உறுதிப்பத்திரமற்ற குடிகளாகவுமே அவர்களுட் பலர் நெடுங்காலம் வாழ்ந்தனர்.

இக்குடிகளின் உறுதியைப் போர் சோதித்தது. 1996இற் கிளிநொச்சி நகரம் வெறுமையானபோது அக்கராயனும் ஸ்கந்தபுரமும் அந்நகர மக்களுக்குப் புகலிடமாயின. நகரின் மருத்துவமனையும் அக்கராயனிலேயே இயங்கிற்று. 2008இல் அக்கராயனே இடம்பெயர்ந்தது. போர் முடிந்தபின் மக்கள் மீண்டனர். அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தவரும் தம் வரம்பையும் கிணற்றையும் அடையாளங் கண்டு மீண்டனர்.

இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பொறியியலாளரும் மருத்துவரும் பெருந்தொகையாக நாடு நீங்கினர். அங்குப் பயிலும் மாணவர்க்கும் எந்நாடு நன்று என்னும் அவ்வினா எழும். அதை எழுப்பும் உரிமை அவர்க்குண்டு. ஆயின், அவ்வினாவைக் கேட்க இயலுவதே ஒரு பேறு என்பதை அவர்கள் மனங்கொள்ளல் வேண்டும். ஓரிடத்தை நிரந்தரமாக்குவது ஊதியமன்று, உரிமையே. அவ்வுரிமையைக் கற்றவர் அந்நிய நாடுகளிற் தேடுகின்றனர். வன்னிக் குடிகளோ தாம் திருத்திய நிலத்திலேயே அதனைக் கோருகின்றனர். காணியை அளக்கவும் பத்திரத்தை எழுதவும் வழக்கை எடுத்துரைக்கவும் கற்றோர் துணை வேண்டும். செல்பவரும் தங்குபவரும் ஒருங்கே ஆற்றக்கூடிய கடன் அஃதாகும்.