தந்தி எப்போது இறந்தது?

தொலைக்காட்சியின் காலம் முடிந்துவிட்டதா என்ற கேள்வி இன்று வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் அடிக்கடி எழுகிறது. புதியது வந்தால் பழையது அழியும் என்பர் ஒரு சாரார். எதுவும் அழிவதில்லை, உருமாறி வாழும் என்பர் மறுசாரார். இரு சாராருமே தொழில்நுட்பத்தை ஒற்றைப் பொருளாகக் கருதுகின்றனர். கருவி, சேவை, அதை ஆளும் சட்டம், அதைக் குறிக்கும் சொல் ஆகிய நான்கும் சேர்ந்ததே தொழில்நுட்பம். இந்நான்கின் ஆயுளும் ஒன்றல்ல என்பதற்கு இந்தியத் தந்தியின் வரலாறு தெளிவான சான்று.

கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே 1850இல் சோதனைத் தடம் அமைக்கும் பணி தொடங்கியது. அதற்கு வழிகாட்டியவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் ஓ'ஷாக்னெஸி. சில ஆண்டுகளிலேயே கம்பிகள் பெருநகரங்களை இணைத்தன. பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் செய்தி அனுப்பலாயினர். ஆயினும் 1857 கிளர்ச்சியாளர்கள் தந்திக் கம்பிகளை அறுத்தெறிந்தபோது அவற்றை ஆட்சியின் நரம்புகளாகவே கண்டனர்.

கருவிதான் முதலில் மறைந்தது. மோர்ஸ் விசையின் இடத்தை இருபதாம் நூற்றாண்டில் தொலையச்சு மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. இறுதி ஆண்டுகளில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் இணையவழி அமைப்பு வாயிலாகவே தந்திகள் சென்றன. தந்தியை ஒழித்ததாகச் சொல்லப்படும் இணையமே கடைசித் தந்திகளைச் சுமந்தது.

சேவை 2013 ஜூலை 14 இரவோடு நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் இடத்தை நிரப்பிய வாரிசு ஒருவர் அல்லர். அவசரச் செய்தி தொலைபேசிக்குப் போயிற்று. வாழ்த்து குறுஞ்செய்திக்குப் போயிற்று. தந்தி மணியார்டர் வங்கிப் பரிமாற்றத்துக்குப் போயிற்று. எளிதில் வாரிசு கிடைக்காத பயன் ஒன்றும் இருந்தது. ஒருவரைக் காவல்துறை சட்டவிரோதமாகப் பிடித்துச் சென்றால், குடும்பத்தார் உடனே நீதிபதிக்கோ உயரதிகாரிக்கோ தந்தி அனுப்புவது வழக்கம். அனுப்பிய நாளும் நேரமும் அரசு அலுவலகத்திலேயே பதிவாகிவிடும். கைது எப்போது நடந்தது என்ற வழக்காடலில் அந்தப் பதிவு பேசும். வசதியற்றவருக்குச் சில ரூபாயில் கிடைத்த சான்று அது. வருவாயையும் இழப்பையும் மட்டும் கணக்கிட்டால் இத்தகைய பயன் கண்ணில் படுவதில்லை.

சட்டம் அதன்பின்னும் வாழ்ந்தது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் 'தந்தி' என்பதன் வரையறை பின்னாளில் விரிக்கப்பட்டு, வானொலி அலைகளையும் மின்காந்த அலைகளையும் உள்ளடக்கியது. அதனால் தொலைபேசியும் கைப்பேசியும் இணையமும் சட்டத்தின் பார்வையில் தந்தியாயின. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற காரணங்களால் செய்தியை இடைமறிக்க அச்சட்டத்தின் 5(2) பிரிவு இடமளித்தது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் ஆராய்ந்தது இந்தப் பிரிவைத்தான். இணைய முடக்கத்துக்கான 2017ஆம் ஆண்டு விதிகளும் இதே சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டவை. கடைசித் தந்தி போய்ச் சேர்ந்த பின்னும் பத்தாண்டுக்கு மேலாகத் தந்திச் சட்டம் இணையத்தை ஆண்டது. 2023இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம் அடுத்த ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தபோதும் அந்த இரு காரணங்களும் இடம்பெயர்ந்து அதனுள் அமர்ந்துகொண்டன. குடியேற்ற அரசு தனக்கென வடித்த அதிகாரம், கம்பி போன பின்னும் போகவில்லை.

சான்றுச் சட்டத்திலும் இதே நிலை. தந்தி அலுவலகம் சேர்ப்பித்த செய்தி, அனுப்பக் கொடுத்த செய்தியோடு ஒத்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். அனுப்பியவர் யார் என்பதை அனுமானிக்கலாகாது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 88ஆம் பிரிவு சொன்னது இது. மின்னஞ்சலுக்காக 2000இல் சேர்க்கப்பட்ட 88ஏ பிரிவு ஏறத்தாழ அதே வாக்கிய அச்சில் வார்க்கப்பட்டது.

சொல்லின் ஆயுள் எல்லாவற்றினும் நீண்டது. தமிழில் தந்தி என்பது முதலில் யாழின் நரம்பு, வீணையின் கம்பி. பின்பு அது செய்திக் கம்பியாயிற்று. அதன்பின் செய்தியே ஆயிற்று. 1942இல் மதுரையில் தொடங்கப்பட்ட நாளேடு அச்சொல்லையே பெயரில் தாங்கிற்று. குளிரில் பற்கள் இன்றும் 'தந்தி அடிக்கின்றன'. அப்படிச் சொல்லும் இளையோருள் பலர் தந்தியைக் கண்டதே இல்லை.

ஆகவே தொலைக்காட்சி இறக்குமா என்று கேட்பதைவிட, அதில் எது இறக்கிறது என்று கேட்பதே பொருத்தம். தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டது. பெட்டியோ இணையப் படங்களுக்கான திரையாகச் சுவரில் தொங்குகிறது. கேபிள் தொலைக்காட்சிக்கென 1995இல் இயற்றிய சட்டம் நடப்பில் இருக்கிறது. பழைய கருவி அருங்காட்சியகம் சேர்ந்த பின்னும், அதற்கென உருவான அதிகாரம் எங்கே குடியேறியது, அது தந்த எளிய பாதுகாப்பு யாருக்கு இல்லாமற்போயிற்று என்பவையே வரலாற்றாய்வு தொடர்ந்து கேட்க வேண்டிய கேள்விகள்.