டெக் வாடகை முதல் டெலிகிராம் வரை: தாம்பரம் லைனில் ஒரு காப்பி வரலாறு

'திருட்டு விசிடி' என்றதும் பலருக்கும் 2000க்குப் பிந்தைய பிளாட்பாரக் கடைகள்தான் ஞாபகம் வரும். ஆனால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் காப்பி வியாபாரம் அதற்கு இருபது வருஷம் முன்னாடியே இருந்தது. அப்போ அதை யாரும் திருட்டுன்னு சொல்லல.

1980களின் ரெக்கார்டிங் சென்டர்களை நினைச்சுப் பாருங்க. வேணும்கிற பாட்டையெல்லாம் ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோட கொடுத்தா ரெண்டு மூணு நாளில் ரெடி. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம்தான். ஆனால் கடைக்காரர் போர்டு மாட்டித்தான் தொழில் செய்தார். 'பாட்டு எழுதினவர் வயித்துல அடிக்கலாமா' என்ற கேள்விக்கும் அப்போ அவ்வளவு பலம் இல்லை. சினிமாப் பாட்டின் உரிமை பொதுவாகத் தயாரிப்பாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. ஒரிஜினல் கேசட் வாங்கினாலும் அந்தக் காசு பாடலாசிரியர் கைக்குப் பெரும்பாலும் போகாது. ராயல்டியில் அவருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டுன்னு சட்டத்தில் உறுதியானது 2012 திருத்தத்தில்தான்.

அடுத்து டெக். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் டிவி பரவியது, கூடவே விசிஆர் வந்தது. தெருவே காசு போட்டு டிவியும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூணு படம் பார்ப்பாங்க. இந்த முறை நஷ்டம் தயாரிப்பாளருக்கும் தியேட்டருக்கும். சட்டம் உடனே அசைந்தது. 1984 திருத்தத்தில் குறைந்தது ஆறு மாதச் சிறை என்று வந்தது. பாட்டுக்காரன் நஷ்டம் 2012 வரை காத்திருந்தது, முதலாளி நஷ்டம் ரெண்டு வருஷத்தில் சட்டமானது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

பிறகு டிஸ்க் காலம். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் பாதை இது. ஒரு முனை தாம்பரம், மறு முனை கடற்கரை. கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரேதான் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் உருவாக்கிய பர்மா பஜார். காப்பி டிஸ்க்குக்குப் பேர் போன இடம். அங்கே கிடைப்பது கொஞ்ச நாளில் புறநகர் ஸ்டேஷன் வாசல்களிலும் கிடைக்கும்.

2004-ல் தமிழக அரசு 'வீடியோ பைரேட்' என்பவரைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தது. விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ரவுடிக்கும் கள்ளச்சாராயக்காரனுக்கும் போட்ட சட்டம், பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு டிஸ்க் விக்கிறவன் மேலயும் பாயலாம்னு ஆச்சு. தியேட்டர் பிரிண்ட்டை வெளியே விட்டவனும், ஆயிரக்கணக்கில் டிஸ்க் அடிச்சவனும் தெருவில் உட்கார மாட்டான். கண்ணில் படுகிறவன் கடைசிக் கைதான்.

தண்டனையை விட விலை நல்லா வேலை செய்யும்னு காட்ட ஒரு முயற்சியும் நடந்தது. 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. ஆனால் புதுப்படம் மட்டும் சட்டப்படி வீட்டுக்கு வரவே வழியில்லை. 2013-ல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச்சில் காட்டப் பார்த்தபோது தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் அது நடக்கவில்லை. 2015-ல் சேரன் தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டிவிடியில் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த ஏற்பாடும் நிலைக்கவில்லை.

அதற்குள் டிஸ்க்கே போய்விட்டது. செல்போன் ரீசார்ஜ் கடையில் மெமரி கார்டு கொடுத்தா பாட்டும் படமும் ஏத்தித் தருவாங்க. பழைய ரெக்கார்டிங் சென்டரேதான், தாளும் கேசட்டும் மட்டும் இல்லை. பிறகு டோரன்ட், தமிழ்ராக்கர்ஸ், இப்போ டெலிகிராம். 2012-ல் '3' படத்துக்காக சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுசா முடக்கின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் முடக்கணும்னு நீதிமன்றம் ஜூனில் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம், பெயர் மாற்றி வரும் தளங்களையும் தொடர்ந்து முடக்க வழி செய்தது. தளங்கள் அப்பவும் புதுப்பேரில் வந்தன.

அப்போ காப்பி பார்ப்பது தப்பில்லையா? 'ஹீரோவுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், நான் பார்த்தா என்ன குறைஞ்சிடும்?' என்பதுதான் நம்மாளுங்க வழக்கமான சமாதானம். பெரிய ஹீரோ படம் முதல் மூணு நாளிலேயே பெரும்பங்கு வசூலை அள்ளிவிடும், அவர் சம்பளமும் முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கும். சின்னப் படத்துக்கு அப்படி இல்லை. யாரோ பார்த்து, 'நல்லாருக்கு, போய்ப் பாரு'ன்னு சொல்லி, ரெண்டாவது வாரம்தான் கூட்டம் வரணும். அந்த வாரம் வரும்முன் போனில் படம் வந்துவிடுகிறது. பிறகு அடுத்த பட வாய்ப்பு இழப்பது புது இயக்குநர், பாக்கிச் சம்பளத்துக்கு அலைவது உதவி இயக்குநர்.

இந்த நாற்பது வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், சங்கிலியின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சின்ன ஆட்கள்தான் அதிகம் கட்டியிருக்கிறார்கள்: ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தவன் ஜெயிலில், சின்னப் படக்காரன் கடனில். அதனால் என் முடிவு ரெண்டு பக்கமும் பேசும். டிஸ்க் விற்றவனை விசாரணை இல்லாமல் உள்ளே தள்ளுவது நியாயம் இல்லை. குரோம்பேட்டை வெற்றியில் டிக்கெட் கிடைக்கிற வாரத்தில் சின்னப் படத்தின் லிங்க் தேடுவதும் நியாயம் இல்லை. முதலாவதை அரசுதான் மாத்தணும். ரெண்டாவது நம்ம கையில இருக்கு.