கண்ணைப் பார்த்தோம், நினைவைப் பார்க்கவில்லை

ஓட்டுநரின் உடம்பைச் சோதிக்கும் வழக்கம் திருச்சிக்கு ரயிலோடு வந்தது. நாகப்பட்டினத்துப் பாதை 1862-இல் இங்கே எட்டியது; 1920களின் இறுதியில் பொன்மலைப் பணிமனை எழுந்ததும் ஊரின் பாதி ரயில்வே குடும்பமாயிற்று. 1875-இல் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதிய பிறகு, ஹோல்ம்கிரன் என்ற உடலியல் அறிஞர் வண்ணக் கம்பளி நூல்களை வைத்து நிறக்குருடு சோதனை ஒன்றை வகுத்தார். பல நாட்டு ரயில்வேக்கள் அந்த வழிக்கு வந்தன. இந்திய ரயில்வேயில் எஞ்சின் ஓட்டுநர் குறித்த காலத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போயாக வேண்டும். வயது ஏற ஏற அந்த இடைவெளி சுருங்கும். தேறாதவரை எஞ்சினிலிருந்து இறக்கி வேறு வேலை கொடுப்பார்கள். பிழைப்பும் போகாது, பயணிக்கும் ஆபத்தில்லை. சாலைச் சட்டம் இந்தப் பாடத்தில் பாதியைத்தான் படித்தது.

1914, 1939, 1988 என்று மோட்டார் வாகனச் சட்டம் மூன்று முறை எழுதப்பட்டது. 40 வயதைக் கடந்தவர் உரிமத்துக்குக் கொடுக்கும் மருத்துவச் சான்றான படிவம் 1ஏ, 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, காது கேட்கிறதா, கைகால் சரியா என்று கேட்கிறது. நினைவைப் பற்றி ஒரு வரி இல்லை. மருத்துவர் அல்சைமர் தன் பெயரில் பின்னால் அறியப்பட்ட மறதி நோயை விவரித்தது 1906-இல், நம் முதல் அகில இந்தியச் சட்டத்துக்கும் முன்பே. இந்த நோயாளிக்குக் கண் நன்றாகவே தெரியலாம். பார்த்ததை வைத்துச் சட்டென்று முடிவெடுப்பதுதான் தடுமாறும். பழகிய வழி தொடக்கத்தில் கைகொடுப்பதால் வீட்டாருக்கும் சந்தேகம் வராது. வழி மாறினால்தான் சிக்கல். 1976-இல் கட்டிய திருச்சிக் காவிரிப் பாலத்தை 2022 இறுதியில் பழுதுபார்க்க மூடி, வண்டிகளைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டார்களே, அப்படிப்பட்ட நாட்கள்தான் இவர்களுக்கு உண்மையான பரீட்சை.

வேகமாகப் பறக்கும் இளைஞரை விட்டுவிட்டு முதியவரைப் பிடிப்பதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். அதனால்தான் வயதை வைத்து உரிமத்தைப் பறிக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானில் 2009 முதல் 75 வயது நிரம்பியவர்கள் புதுப்பிக்கும்போது நினைவாற்றல் சோதனை எழுதுகிறார்கள். இங்கே 2019 திருத்தத்துக்குப் பிறகு 55 வயதானவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், அதுவும் அதே பழைய படிவத்தோடு. நோயுற்றவரின் உரிமத்தை ரத்து செய்ய 16-ஆம் பிரிவு இருக்கிறது. யாராவது போய்ச் சொன்னால்தானே அது அசையும்? பெற்ற அப்பாவைப் பற்றி எந்தப் பிள்ளை சொல்வான்? வண்டியைப் பிடுங்கினால் முதியவர் வீட்டுக்குள் முடங்கிவிடுவார் என்பது இதைவிட வலுவான மறுப்பு. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் தனியாக வாழ்பவர்களுக்கு மருந்துக் கடையும் வங்கியும் தங்கள் ஸ்கூட்டரில்தான் இருக்கின்றன. இதற்கு விடை ரயில்வே காட்டிய மறுபாதி: இறக்குகிறவர்களே மாற்று வழியும் தர வேண்டும். படிவம் 1ஏ-வில் நினைவுக்கும் முடிவெடுக்கும் திறனுக்கும் மத்திய அரசு ஒரு கேள்வி சேர்க்கட்டும்; உரிமத்தைத் திருப்பித் தரும் முதியவருக்கு நகரப் பேருந்தில் மாநில அரசு இலவசப் பாஸ் கொடுக்கட்டும்.